கையை உள்ளே வை

பெல்ஃபோர்டு ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள், வெர்னா கிளைனிடம் திட்டு வாங்காதவர் ஒருவர்கூடத் தேறமாட்டார். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள் அவள். ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் அவளுடைய மஞ்சள் வண்டியில்தான் போய்வந்தார்கள். திரும்பியே பார்க்கமாட்டாள். தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை, அவ்வளவுதான். எவனாவது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் "கைய உள்ள வை!" என்று ஒரு அதட்டல் வரும். அந்த அதட்டலில், கையை மடியிலேயே வைத்திருந்தவனும் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்வான்.

வேலைக்கு ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். வாய்க்கு யார் ஓய்வு கொடுப்பது? அதை அப்படியே பேஸ்பால் மைதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

பெல்ஃபோர்டு நாரைகள் அணியின் மைதானத்தில் வலதுபக்கக் கேலரியின் முதல் வரிசை அவளுடைய இடம். எதிரே சுவர், சுவரின் விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு. அடித்த பந்து கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டால் அது ஹோம் ரன், பிடித்தவர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும்வரை அது ஆட்டக்காரர்களின் பந்து. ஆசைப்பட்டுக் கையை நீட்டி அங்கேயே தொட்டுவிட்டால் ஹோம் ரன் இல்லை என்று நடுவர் கையை விரித்துவிடுவார். மட்டையாளன் வயிற்றில் அடித்த பாவம் தொட்டவனைச் சேரும். பேஸ்பால் பார்க்க வருகிறவர்களுக்கு இதைவிடக் கேவலம் வேறு இல்லை.

ஆகவே அந்தக் கோட்டுக்கு வெர்னா தன்னைத்தானே காவலாக நியமித்துக்கொண்டாள். பந்து உயரே கிளம்பினால் போதும், "கைய உள்ள வை!" என்று அவள் குரல்தான் முதலில் கிளம்பும். பின்வரிசையில் இருக்கும் குழாய் ரிப்பேர் கர்ட் முதல் எல்லாரும் அவளுடைய பழைய பேருந்துப் பிள்ளைகள்தானே, தானாகக் கை மடங்கிவிடும். இன்னொரு சட்டமும் போட்டிருந்தாள். யாருடைய இருக்கையில் பந்து விழுகிறதோ, பந்து அவருக்குத்தான். அவர் கழிப்பறைக்குப் போயிருந்தாலும் சரி, ஊரிலேயே இல்லாவிட்டாலும் சரி. மைதானத்தின் சட்டப் புத்தகத்தில் இது கிடையாது. ஆனால் அந்தக் கேலரியில் யாரும் அதை மீறியதில்லை.

சில வருஷங்களுக்கு முன் வெளியூர்க்காரன் ஒருவன், பெண்டாட்டியோடு வந்தவன், கோட்டைத் தாண்டிக் கையை நீட்டிவிட்டான். வெர்னா எழுந்து நின்றாள். கேலரி முழுக்க அவளோடு சேர்ந்து கத்தியது. அந்த ஆள் காது மடலெல்லாம் சிவந்து, பாதி தின்ற சோளச் சிப்ஸை அப்படியே வைத்துவிட்டுப் போனவன்தான், பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. அவன் எழுந்துபோன விதத்தை மாதாகோவில் விருந்துகளில் வெர்னா நடித்துக்காட்டுவாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும்தான்.

அவளுக்கு அடுத்த இருக்கை டெல்பர்ட் ஓக்ஸுடையது. ஆற்றங்கரைத் தானியக் கிடங்கில் வேலைபார்த்து ஓய்ந்தவர். ஆள் பனைமர உயரம், பேச்சோ சில்லறையாகத்தான் வரும். காகிதப்பையில் வறுத்த வேர்க்கடலை வாங்கிவந்து, ஆட்டம் தொடங்கியதிலிருந்து உடைத்துக்கொண்டே இருப்பார். உடைத்ததில் பாதி அவர் வாய்க்கு, பாதி இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் கட்டைமேல். அந்தப் பாதி வெர்னாவுக்கு. கேட்டதும் இல்லை, கொடுத்ததாகச் சொன்னதும் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. இருந்தாலும் பனிக்காலம் முடிந்து முதல் ஆட்டத்துக்கு வரும்போது அந்த நீளத் தலை தெரிகிறதா என்றுதான் வெர்னா முதலில் தேடுவாள்.

அவள் வீட்டு மாடியறையில் கோல்பி இருந்தான். இந்த மாதிரிச் சின்ன அணிகளில் ஆடும் பையன்களுக்கு வாடகை கொடுத்துத் தங்கக் கட்டுப்படியாகாது. ஊர்க்காரர்கள்தான் ஆளுக்கொருவரை வீட்டில் வைத்துச் சோறுபோடுவார்கள். கோல்பி மூன்றாவது வருஷமாக வெர்னாவின் பங்கு. பையன் என்கிறோமே தவிர முப்பதைத் தாண்டிவிட்டான். முழங்கால் இரண்டும் போய்விட்டன. பெரிய அணிகள் கூப்பிடும் என்ற நினைப்பெல்லாம் எப்போதோ விட்டுப்போயிற்று. இந்த வருஷத்தோடு முடித்துக்கொண்டு கன்சாஸில் அண்ணனோடு கூரை வேயும் வேலைக்குப் போவதாகச் சொல்லியிருந்தான்.

அந்தக் கடைசி வருஷத்தில்தான் ஹோம் ரன் போட்டி மறுபடி பெல்ஃபோர்டுக்கு வந்தது. லீக்கில் இருக்கும் அணிகளின் அதிரடி மட்டையாளர்கள் எல்லாரும் ஒரே மைதானத்தில் கூடி, யார் அதிகம் ஹோம் ரன் அடிக்கிறார்கள் என்று பார்க்கும் போட்டி. ஓட்டம் கிடையாது, தந்திரம் கிடையாது, அடி ஒன்றுதான். போட்டி நடக்கும் மைதானத்தின் வலதுபக்கச் சுவரில் ஜெயித்தவன் பெயரைப் பெயிண்டில் எழுதுவது வழக்கம். எத்தனையோ வருஷம் முன்பு ஜெயித்த ஒருவனுடைய பெயர் இன்னும் அங்கே மங்கலாக இருக்கிறது. அவன் முகம் யாருக்கும் ஞாபகம் இல்லை.

"பேர எழுதி என்ன ஆகப்போகுது, மிஸ் வெர்னா? நாலு மழையில போயிரும்" என்றான் கோல்பி.

"அப்ப நீ போட்டிக்குப் போகாத. வீட்டுல இருந்து புல்லு வெட்டு."

"அய்யோ, புல்லுக்கு மழையே பரவாயில்ல."

வாய் அப்படிச் சொல்லியது. ஆனால் ஒரு பயிற்சி நாளில் சுவருக்கு முன்னால் அவன் தனியாக நின்று, அந்தப் பழைய பெயருக்குப் பக்கத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று சாணளந்து பார்த்ததை வெர்னா மேலிருந்து பார்த்துவிட்டாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய் அவனுக்குப் பிடித்த இறைச்சி ரொட்டியைச் சுட்டுவைத்தாள்.

அவளுக்கும் ஓர் ஆசை இருந்தது. எத்தனையோ பேர் அடித்த பந்தைப் பிடித்திருக்கிறாள், கோல்பி அடித்தது மட்டும் ஒன்றுகூடக் கையில் வரவில்லை. இடதுகைக்காரன், வலதுபக்கம்தான் அடிப்பான். ஆனால் பந்து எப்போதும் நாலு இருக்கை தள்ளிப் போகும், இல்லையென்றால் தலைக்கு மேலே பறந்துவிடும்.

"போட்டியன்னிக்கு உங்க மடியில போடறேன்" என்றான். அந்த வாரம் பந்து பிடிக்க அவள் போட்டுக்கொள்ளும் பழைய கிளவுஸைக் கேட்டு வாங்கி, நைந்துபோன தோல் வாரை எல்லாம் உருவிவிட்டுப் புதுச் சிவப்பு வார் கோத்துக் கொடுத்தான். "கொஞ்ச நாளைக்குச் சாயம் ஒட்டும். வெள்ளச் சட்டை போட்டுட்டு வராதீங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மைதானம் நிரம்பி வழிந்தது. நல்ல வெயில். முதல் சுற்றில் மட்டையாளர்கள் வெளுத்து வாங்கினார்கள். பந்துகள் ஆலங்கட்டி மாதிரி கேலரியில் விழுந்துகொண்டே இருந்தன. வெர்னா இரண்டு பிடித்தாள், இரண்டையும் பின்னால் இருந்த குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டாள். டெல்பர்ட் ஒன்று பிடித்தார். ஒவ்வொரு பந்துக்கும் "கைய உள்ள வை!" என்று அவள் குரல் கொடுத்துக் கொடுத்துத் தொண்டை கட்டிவிட்டது.

"எலுமிச்சை ஜூஸ் வாங்கியாரட்டுமா?" என்றார் டெல்பர்ட்.

"உக்காருய்யா பேசாம. கோல்பி வரப்போறான்."

இறுதிச் சுற்றில் இரண்டே பேர். ரிவர்டன் அணியின் மெக்கேப் என்ற தடியன் முதலில் அடித்துவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி உட்கார்ந்துவிட்டான். கோல்பி அவனை ஒவ்வொன்றாக எட்டிப்பிடித்துச் சமமாக வந்து நின்றான். மிச்சம் இருந்தது ஒரே ஒரு பந்து. அதை ஹோம் ரன் அடித்தால் கோல்பி ஜெயித்தான். அடிக்காவிட்டால் முதல் சுற்றின் கணக்கைப் பார்ப்பார்கள், அதில் மெக்கேப் முன்னால் இருந்தான்.

மைதானமே எழுந்து நின்றது. பந்து வந்தது. கோல்பி மட்டையைச் சுழற்றினான். அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே வெர்னாவுக்குத் தெரிந்துவிட்டது, இது வலதுபக்கம்தான் வருகிறது. மேலே போனது, சூரியனுக்குள் புகுந்து காணாமல் போனது, பிறகு வெளியே வந்தது. நேராக அவளை நோக்கி. நாலு இருக்கை தள்ளி இல்லை, தலைக்கு மேலே இல்லை. மடியில் போடுவதாகச் சொன்னானே, அப்படியே வந்தது.

பக்கத்தில் டெல்பர்ட் எழுந்து நீளக் கையைத் தலைக்கு மேலே தூக்கினார். கோட்டுக்கு உள்ளேதான், ஒரு சாண் உள்ளே. பந்து அவர் கைக்கு வருவதற்குத்தான் கணக்காக இருந்தது. வெர்னா அதைப் பார்த்தாள். அவர் பிடித்துவிடப்போகிறார், என் வீட்டுப் பையன் எனக்கென்று அடித்த பந்தை இவர் பிடித்துவிடப்போகிறார் என்று ஒரு எண்ணம் வந்தது. அடுத்த நொடி வயிறு சுவரில் அழுந்த முன்னால் சாய்ந்து, கிளவுஸை நீட்டியிருந்தாள். எவ்வளவு தூரம் நீட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. பந்து கிளவுஸின் ஓரத்தில், அந்தச் சிவப்பு வார்மேல் பட்டது. பட்டுவிட்டுக் கீழே, புல்லில் விழுந்தது.

சுட்டுக்கொண்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி ஓடிவந்த நடுவர் சுவரைக் காட்டிக் கையை விரித்தார். ரசிகர் தொட்டுவிட்டார், ஹோம் ரன் இல்லை. பிறகு எல்லாத் தலையும் வலதுபக்கம் திரும்பியது. அங்கே கையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தது ஒரே ஒரு ஆள்தான், டெல்பர்ட்.

"யோவ் நெட்டை! பாவி!" என்று மேலேயிருந்து எவனோ கத்தினான். பீர் கப் ஒன்று வந்து அவர் தோளில் பட்டுத் தெறித்தது.

டெல்பர்ட் கையை மெல்ல இறக்கினார். யாரையும் பார்க்கவில்லை, வெர்னாவை மட்டும் பார்த்தார். கோபமாக இல்லை. பேருந்தில் ஏறக் கதவு திறக்கக் காத்திருப்பவரைப்போலப் பார்த்தார்.

அவள் வாயைத் திறந்தாள். என்ன சொல்லவேண்டும் என்பது நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் கேலரி முழுவதும் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, இத்தனை வருஷப் பழக்கம். அந்தப் பார்வைக்கு அந்த வாய் என்ன சொல்லிப் பழகியதோ அதையே சொல்லிவிட்டது.

"கைய உள்ள வைக்கத் தெரியாதா, டெல்பர்ட்?"

அவ்வளவுதான். கர்ட் ஆரம்பித்தான், வரிசை வரிசையாக எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். "கைய உள்ள வை! கைய உள்ள வை!" காவலாட்கள் இருவர் வந்து டெல்பர்ட்டின் முழங்கையைத் தொட்டார்கள். அவர் கிளவுஸைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, படியேறிப் போனார். சட்டையில் பீர் வழிந்துகொண்டிருந்தது. கைகளை வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டுதான் போனார்.

நடுக்கட்டையில் அவர் உடைத்துவைத்த கடலை இருந்தது. கீழே மெக்கேப்புக்குக் கோப்பையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், வெர்னாவின் கை பழக்கதோஷத்தில் அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. மென்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

சாயங்காலம் வீட்டில் இறைச்சி ரொட்டியும் உருளைக்கிழங்கும் பரிமாறினாள். விரல்களில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது, எவ்வளவு சோப்புப் போட்டும் நகக்கண்ணில் போகவில்லை. கோல்பி குளித்துவிட்டு வந்து, பையிலிருந்து ஒரு பந்தை எடுத்துச் சமையலறை ஜன்னல் விளிம்பில் வைத்தான், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேர் எதிரே.

"அந்தக் கடைசிப் பந்தா?"

"ஆமா. எடுத்துக் குடுத்தாங்க."

"எதுக்கு அதப்போயி..."

"இருக்கட்டும்" என்றான். ரொட்டியை வெட்டினான். "டெல்பர்ட்ட வருஷம் முடியற வரைக்கும் உள்ள விடக்கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்களாம்."

வெர்னா உப்பை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள். உப்பு அவன் பக்கத்தில்தான் ஏற்கெனவே இருந்தது, அவள் நகர்த்தியது மிளகு.

அடுத்த சில நாட்கள் ஊரே அவளுக்கு ஆறுதல் சொல்லியது. மளிகைக் கடையில் நிறுத்தி, "பாவம் உங்க பையன். பக்கத்துலயே உக்காந்து இப்பிடிப் பண்ணிட்டாரே அந்த மனுஷன்" என்றார்கள். "நீங்க மொகத்துக்கு நேரா கேட்டீங்க பாருங்க, அதான் மிஸ் வெர்னா!" என்றான் பெட்ரோல் பங்க்கில் ஒருவன். டெல்பர்ட் மளிகைக்குப் பக்கத்து ஊருக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டாள். ஒவ்வொரு பேச்சுக்கும் அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு, காரில் வந்து உட்கார்ந்தால், தன்னைத்தானே காறித் துப்பிக்கொள்ளலாம்போல் இருந்தது. சொல்லிவிடுவது என்ன பெரிய விஷயம்? ஒரு வாக்கியம். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்ன பிறகு மளிகைக் கடைக்குள் எப்படி நடப்பது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. சோளச் சிப்ஸை விட்டுவிட்டுப் போன அந்த வெளியூர்க்காரனின் சிவந்த காது மடல் ஞாபகம் வந்தது. அவனை நடித்துக்காட்டிய ஒவ்வொரு விருந்தும் ஞாபகம் வந்தது.

புதன்கிழமை ஆட்டத்துக்குப் போனபோது, சுவரின் அந்தப் பக்கம் ஏணி போட்டு ஒருவன் மெக்கேப்பின் பெயரை எழுதிக்கொண்டிருந்தான். பெயிண்ட் வாடை நேராக அவள் மூக்கில் ஏறியது. பக்கத்து இருக்கை காலி. அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்து பின்பக்கம் திரும்பினாள்.

"டேய் கர்ட், எல்லாரும் கேளுங்க. அன்னிக்குப் பந்தத் தொட்டது டெல்பர்ட் இல்ல. நான்தான்."

கர்ட் விழுந்து விழுந்து சிரித்தான். "நீங்களா? கோட்டத் தாண்டியா? போங்க மிஸ் வெர்னா!"

"நெஜமாத்தாண்டா சொல்றேன்."

"தெரியும், தெரியும். கெழவர் வரலன்னு மனசு கேக்கல, பழிய உங்க தலையில போட்டுக்கறீங்க" என்றாள் கர்ட்டின் மனைவி. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவளுக்கு. "உங்க நல்ல மனசு யாருக்கு வரும்!"

யாரோ கைதட்டினார்கள். இன்னும் நாலு பேர் சேர்ந்து தட்டினார்கள். வெர்னா இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். கத்தியிருக்கலாம், கத்தத் தெரியாதவளா அவள்? சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் நம்பாததில் நெஞ்சுக்குள் ஓர் ஓரமாக ஒரு நிம்மதி எட்டிப்பார்த்தது. அந்த நிம்மதியைக் கண்டுகொண்டபோது அவளுக்கு வந்த வெட்கம், பந்தைத் தொட்டபோதுகூட வரவில்லை.

மறுநாள் காலை கோல்பி முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வெர்னா தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தப் பந்து எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கோல்பி" என்றாள், திரும்பாமல். "உன் பேரு அந்தச் சொவத்துல இல்லாததுக்கு நான்தான் காரணம். நான்தான் கைய நீட்டினேன். டெல்பர்ட்டு வரைக்கும் வந்திருந்தா அது ஹோம் ரன்."

முள்கரண்டியை வைக்கும் சத்தம் கேட்டது. அவன் எழுந்து வந்தான். அவள் தோளுக்குமேல் கையை நீட்டி, ஜன்னல் விளிம்பில் இருந்த பந்தை எடுக்காமல், இருந்த இடத்திலேயே திருப்பிவைத்தான். இத்தனை நாளும் ஜன்னல் பக்கம் பார்த்திருந்த பாதியில், விரல் அகலத்துக்கு ஒரு சிவப்புக் கோடு இருந்தது. வாரின் முடிச்சுகூடப் பதிந்திருந்தது.

வெர்னா கையிலிருந்த தட்டைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டாள்.

"எப்பத் தெரியும்?"

"ஞாயித்துக்கெழம கையில வாங்கினப்பவே. அந்த வார நான்தானே கோத்தேன்."

"அப்பறம் ஏம்ப்பா ஒரு வார்த்த கேக்கல? தினமும் நான் போட்ட சோத்தத் தின்னுட்டு..."

"நான் கேட்டு நீங்க சொன்னா அதுல என்ன இருக்கு, மிஸ் வெர்னா?" என்றான். கோபம் இல்லாத குரல்தான். "பேரு போனாப் போவுது. அது நெஜமாவே மழையில போற பேரு. ஆனா அந்த மனுஷர நீங்க கேட்டீங்களே ஒரு கேள்வி, அது எனக்கு மைதானத்துக்கு நடுவுல நின்னுட்டிருக்கறப்பவே கேட்டுச்சு."

முட்டையைப் பாதியில் விட்டுவிட்டு அவன் பயிற்சிக்குப் போனான். மூன்று வருஷத்தில் அவள் சமைத்ததை அவன் மிச்சம் வைத்தது அதுதான் முதல் தடவை.

பந்தையும் கிளவுஸையும் எடுத்துக்கொண்டு வெர்னா முதலில் மைதான அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த மேலாளரும் அவள் பேருந்தில் போனவன்தான். பந்தைப் பார்த்தான், வாரைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான். டெல்பர்ட்டின் தடையை நீக்குவதாகச் சொன்னான்.

"எனக்கு?"

"உங்களுக்கு என்ன? விடுங்க மிஸ் வெர்னா. யாருக்கும் தெரிய வேணாம்."

"அவர மட்டும் வெளிய அனுப்பினியே."

"அவரு வேற, நீங்க வேற" என்றான் அவன், சங்கடத்தோடு. அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தான். அவளுக்கோ நெற்றியில் பச்சை குத்தியதுபோல் இருந்தது.

அங்கிருந்து டெல்பர்ட்டின் வீடு. முதல் தடவையாக அந்தத் தெருவில் காரை நிறுத்தினாள். அவர் வாசலில் புல்வெட்டி இயந்திரத்தைக் கவிழ்த்துப்போட்டு அலகைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார், உட்காரச் சொல்லவில்லை. அவள் பந்தை நீட்டி, சிவப்பு இருந்த பக்கத்தைக் காட்டினாள். அலுவலகத்தில் சொன்னதைச் சொன்னாள். கேலரியில் சொன்னதையும், யாரும் நம்பாததையும், தான் விட்டுவிட்டதையும்கூடச் சொன்னாள்.

"என்னை மன்னிச்சிரு, டெல்பர்ட்."

அவர் பந்தைக் கையில் வாங்கவில்லை. எண்ணெய்த் துணியால் விரல் ஒவ்வொன்றையும் துடைத்தார்.

"பந்தத் தொட்டதுக்கா? அது யாரும் தொடுவாங்க. என் கைக்கு வந்திருந்தா நானே உனக்குத்தான் குடுத்திருப்பேன்." அவருக்கு இதுவே பெரிய பேச்சு. "நீ சொல்லுவேன்னு பாத்துட்டு நின்னேன். சொன்னே. வேற என்னமோ சொன்னே."

"வெள்ளிக்கெழம வருவியா?"

"வருவேன். பேஸ்பால் பாக்காம என்ன பண்றது."

வெள்ளிக்கிழமை அவள் சீக்கிரமே போனாள். கேலரி நிறைந்ததும் எழுந்து நின்று, பந்தை வரிசை வரிசையாகக் கைமாற்றிக் கொடுக்கச் சொன்னாள், கிளவுஸையும் கூடவே. "வாரோட பொருத்திப் பாருங்க. அப்பறம் சிரிங்க." இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கர்ட் பந்தை வெகுநேரம் வைத்துப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டே பின்னால் கொடுத்தான். அன்றைக்கு மனசுருகிய அவன் மனைவி எதிரே இருந்த ஸ்கோர் பலகையைப் படிக்க ஆரம்பித்தாள். வெர்னா நின்றுகொண்டே காத்திருந்தாள். யாராவது கத்துவார்கள், "கைய உள்ள வை" என்று ஒருவனாவது ஆரம்பிப்பான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. ஒருவரும் கத்தவில்லை. அவள் தானாகவே உட்கார்ந்தாள்.

டெல்பர்ட் வந்தார். அந்த நீளத் தலை தெரிந்தது. ஆனால் படியிறங்கி இந்தப் பக்கம் வராமல், சுற்றிக்கொண்டு போய், மைதானத்தின் அந்தக் கோடியில், இடதுபக்கக் கேலரியில் உட்கார்ந்தது. மடியில் காகிதப்பை இருந்ததா என்று இவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.

ஐந்தாவது இன்னிங்ஸில் கோல்பி அடித்தான். ஏதோ சாதாரண வெள்ளிக்கிழமை ஆட்டத்தில், யார் பெயரும் எந்தச் சுவரிலும் ஏறாத ஓர் அடி. பந்து வலதுபக்கம் வந்தது. சந்தேகமே இல்லாத ஹோம் ரன், கோட்டைத் தாண்டி வெகு உள்ளே, நேராக முதல் வரிசைக்கு.

"மிஸ் வெர்னா, உங்களுக்குத்தான்! நீட்டுங்க, நீட்டலாம்!" என்று கர்ட் தன்னை மறந்து கத்தினான்.

அவள் கைகள் மடியைவிட்டு எழவில்லை. பந்து பக்கத்து இருக்கையில் மோதி, அதிலேயே உருண்டு, சாய்வில் ஒட்டி நின்றது.

யாரும் அதைத் தொடவில்லை. யாருடைய இருக்கையோ அவருக்குத்தான் பந்து. அவள் போட்ட சட்டம்.

கிளவுஸைக் கழற்றி வைத்துவிட்டு வெர்னா பந்தை எடுத்துக்கொண்டாள். கேலரிக்கு அடியில் இருந்த நடைவழியாக, வெங்காயமும் கடுகும் மணக்கிற கடைகளைத் தாண்டி, அந்தக் கோடிவரை நடந்தாள். டெல்பர்ட்டின் வரிசையில் எல்லாரும் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"உன் சீட்டுல விழுந்துது" என்றாள். "கோல்பி அடிச்சது."

அவர் பந்தை வாங்கிக்கொண்டார். உடனே பையில் போடவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து, விரல்களுக்கு நடுவில் மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எங்காவது சிவப்பு இருக்கிறதா என்று தேடினார்.

"நீ தொடல?"

"இல்ல டெல்பர்ட். தானா விழுந்துது."

"சரி" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.